பிஎம்எக்ஸா, எம்டிபியா? - ஒரு தாய்மாமனின் தீர்ப்பு

பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்துல எனக்காக ஒரு பஞ்சாயத்து காத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க வீடு பெரம்பலூர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அரியலூர்ல. (2001-ல ரெண்டா பிரிச்சு, 2002-ல ஒண்ணாச் சேர்த்து, 2007-ல திரும்பவும் பிரிச்சாங்களே, அதே ரெண்டு மாவட்டம்தான். ஊருக்கு ஊர் சுமார் 30 கிலோமீட்டர்.) கரும்பு, மஞ்சக்கொத்து, பச்சரிசி, வெல்லம்னு பொங்கல் சீரோட போய் இறங்கினா, செருப்பைக் கழட்டறதுக்குள்ள அக்கா ஆரம்பிச்சிருச்சு.

"டேய் தம்பி, இவனுக்கு இனிமே சைக்கிள் கிடையாது. வேன்லயே போகட்டும். நீ வாங்கிக் குடுத்த சைக்கிள்தான் எல்லாத்துக்கும் காரணம்."

இவன்ங்கிறது அக்கா பையன். ஏழாவது படிக்கிற என் மாப்ள. வலது முழங்கையில உள்ளங்கை அகலத்துக்குக் காய்ஞ்ச பொருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி போனஸ் வந்த ஜோர்ல நான்தான் அவனுக்கு ஒரு 20 இஞ்ச் பிஎம்எக்ஸ் வாங்கிக் குடுத்தேன். அப்ப அவனுக்கு ஸ்கூல் தெருமுனையில. இப்ப ஸ்கூல் 5 கிலோமீட்டர் தள்ளி, அதுவும் லாரி ரோட்டுல.

நடந்தது இதுதான். மார்கழி மாசக் காலை. பின்னாடி ஒரு லாரி நீளமா ஹாரன் அடிச்சிருக்கு. மாப்ள பயந்துபோய் தாரை விட்டு மண்ணுல இறங்கிட்டான். லாரி போனதும் ஓட்டிக்கிட்டே திரும்ப தார்மேல ஏறப் பாத்திருக்கான். முன் சக்கரம் தார் விளிம்போட உரசிக்கிட்டே போய் படக்குனு திரும்பிருச்சு. ஆள் ரோட்டுமேல. நல்லவேளை, பின்னாடி வந்தது ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.

அரியலூர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கத் தேவையில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன். ஊரைச் சுத்தி சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்டு ஆலை. சுண்ணாம்புக்கல் உள்ள போகணும், சிமெண்டு வெளிய வரணும், எல்லாம் லாரியிலதான். தார் முடியற இடத்துக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவுல மூணு நாலு விரல்கடை உயர வித்தியாசம் இருக்கும். மழைக்காலம் முடிஞ்ச கையோட பாத்தா சில இடத்துல அரைச்சாண். புதுசா தார் போடறப்பல்லாம் ரோடு உசந்துக்கிட்டே போகும், ஓரத்து மண்ணை மட்டும் யாரும் உசத்த மாட்டாங்க. சைக்கிள்காரன் வாழ்க்கை அந்த நாலு விரல்கடையிலதான் ஓடுது.

ஆக, அக்கா கட்சி: வேன். மாப்ள கட்சி: "மாமா, எனக்கு கியரும் ஷாக்கும் டிஸ்க் பிரேக்கும் வச்ச எம்டிபி வாங்கிக் குடு, அதுல போனா விழவே மாட்டேன்." மச்சான் கட்சி: டிவியில ஜல்லிக்கட்டு. நான் தீர்ப்பு சொல்ல ரெண்டு நாள் வாய்தா கேட்டேன்.

ஏன்னா எனக்கு நிஜமாவே தெரியல. சைக்கிளைப் பத்தி வாய் கிழியப் பேசறவன்தான் நான். முதல் சம்பளத்துல வாங்கின 26 இஞ்ச் எம்டிபி இன்னமும் பெரம்பலூர் வீட்டுத் திண்ணையில நிக்குது. ஆனா அவன் விழுந்தது சைக்கிளாலயா, ரோட்டாலயா, ஓட்டத் தெரியாததாலயா? நான் வாங்கிக் குடுத்ததுங்கிறதால எனக்கு ஒரு குறுகுறுப்பு வேற.

எங்க தெருவுல சின்ன வயசுல எங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. நேரான ஹேண்டில்பாரும் தடி டயரும் இருந்தா அது ரேஞ்சர். குட்டையா இருந்தா சின்ன சைக்கிள். மத்ததெல்லாம் பெரிய சைக்கிள், அதுல குரங்குப் பெடல். பிஎம்எக்ஸ், எம்டிபிங்கிறதெல்லாம் ஃப்ரேம்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்தான். இன்னிக்கும் கடைகள்ல கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா ரெண்டும் வேற வேற பிறவி.

பிஎம்எக்ஸ் 1970-களோட ஆரம்பத்துல தெற்கு கலிஃபோர்னியாவுல பொடிப்பசங்க கண்டுபிடிச்சது. மோட்டோகிராஸ் பைக் ரேஸைப் பாத்துட்டு, பைக் வாங்க வழியில்லாம, 20 இஞ்ச் சக்கரம் வச்ச சைக்கிளை மண்மேட்டுல ஏத்தித் தாவ விட்டாங்க. எம்டிபி அதே கலிஃபோர்னியாவோட வடக்குப் பக்கம், மரின் கவுண்டி மலையில பொறந்தது. அங்க இளவட்டங்க பழைய, கனமான, தடி டயர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மேல ஏறி, மண் பாதையில கீழ விட்டு இறங்குவாங்க. 1976-ல அங்க ஆரம்பிச்ச ரேஸுக்கு 'ரீபேக்'னு பேரு. ஒரு தடவை இறங்கினா பின் பிரேக் ஹப்ல இருக்கிற கிரீஸ் எல்லாம் காஞ்சு புகைஞ்சிரும், திரும்ப கிரீஸ் வச்சு அடைக்கணும். அதனால அந்தப் பேரு. ரெண்டுமே இருக்கிறதை வச்சு ஒப்பேத்தின பசங்களோட வேலை. குரங்குப் பெடல் அடிச்ச நம்மாளுங்களுக்கு ஒரு விதத்துல சொந்தக்காரங்க.

வித்தியாசம் எங்கன்னு சுலபமாப் புரியணும்னா ஒலிம்பிக்ஸைப் பாருங்க. எம்டிபி 1996 அட்லாண்டாவுல உள்ள வந்துச்சு. ஒரு ரேஸ் ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம் ஓடும். பிஎம்எக்ஸ் ரேஸ் 2008 பெய்ஜிங்ல வந்துச்சு. அது முடியறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. 30, 40 விநாடிதான். அந்த முப்பது விநாடியும் சீட்டுல உக்கார மாட்டான். அதனால பிஎம்எக்ஸ் சீட்டு உக்கார்றதுக்குன்னு வச்சதே இல்ல. ("குழந்தைங்க சைக்கிள்"னு சொல்றவங்க கவனிக்க, அங்க ஓட்டறவன்லாம் தொடை ஒவ்வொண்ணும் தேக்கு மரம் மாதிரி இருக்கிற ஆம்பளைங்க, பொம்பளைங்க.)

காணும் பொங்கலுக்கு மாப்ளையைப் பெரம்பலூர் கூட்டிக்கிட்டு வந்துட்டேன், சைக்கிளோட. மறுநாள் காலையில நண்பனோட குட்டியானையில ரெண்டு சைக்கிளையும் ஏத்திக்கிட்டு காரை பக்கம் போனோம். காரை தெரியும்ல? மழைத்தண்ணி அறுத்து அறுத்து, வெளிர்நிறக் களிமண் மேடும் பள்ளமுமா கண்ணுக்கு எட்டின வரைக்கும் மடிப்பு மடிப்பாக் கிடக்கும். கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி அது கடலடி. பெலம்னைட்னு ஒரு கணவாய் சாதிக் கடல்பிராணியோட படிமம், சுருட்டுத்துண்டு மாதிரி மண்ணுல கிடக்கும். நடுநடுவுல ஜிப்சம் பளபளக்கும். ரீல்ஸுக்காக அந்த மடிப்புக்குள்ள பைக்கை விட்டு ஏத்தி இறக்கற கூட்டத்தைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சக்கரம் பட்டுச் சிதைஞ்ச படிமம் சிதைஞ்சதுதான். நாங்க வெளியில வயலோரமாப் போற வண்டிப்பாதையில மட்டும் ஓட்டினோம். அதுவே எங்களுக்கு மேல.

முதல்ல அவனவன் சைக்கிள்ல அவனவன். மாப்ள பிஎம்எக்ஸ்ல எழுந்து நின்னுக்கிட்டு, முட்டியை மடக்கி மடக்கி, வரப்புல ஏறி இறங்கி, ஒரு சின்ன வாய்க்காலைத் தாவியே போயிட்டான். நான் பின்னாடி அதே வாய்க்கால்ல பெரிய சக்கரத்தை உருட்டி விட்டு ஏறி வந்தேன். அப்புறம் மாத்திக்கிட்டோம்.

பிஎம்எக்ஸ்ல ஏறி ஒரு பத்தடி போனதும் எனக்கு ஞாபகம் வந்தது, சின்ன வயசுல கொல்லையில புடிச்ச முயல்குட்டி. கையில இருக்கும், ஆனா எந்நேரமும் எந்தப் பக்கம் துள்ளும்னு தெரியாது. ஹேண்டில்பாரை ஒரு விரல் அசைச்சா சைக்கிள் ஒரு முழம் திரும்புது. காரணம் இல்லாம இல்ல. முன் ஃபோர்க் கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் எம்டிபியை விட 15, 20 சென்டிமீட்டர் குறைச்சல். சக்கரம் சின்னது, லேசு. பம்பரம் பெருசா இருந்தா சாய்க்கக் கஷ்டம், சின்னதா இருந்தா சுலபம், அவ்வளவுதான் விஷயம். பின் சக்கரம் கிட்டத்தட்ட நம்ம இடுப்புக்குக் கீழயே இருக்கிறதால லேசா பின்னாடி சாஞ்சாலே முன் சக்கரம் மேல வந்துரும். நான் சாஞ்சேன். வந்துச்சு. நான் கீழ உக்காந்தேன். மாப்ள சிரிச்ச சிரிப்பு இன்னமும் காதுல கேக்குது.

அவன் என் எம்டிபியில சீட்டை முழுக்க இறக்கி விட்டு ஓட்டினான். ஓட்டிட்டு வந்து சொன்னான்: "மாமா, இது பஸ் மாதிரி இருக்கு."

இதை விட நல்லா என்னாலயும் சொல்ல முடியாது. எம்டிபியோட ஃபோர்க் சாஞ்சு இருக்கும். சக்கரம் நமக்கு ரொம்ப முன்னாடி போய் மண்ணைத் தொடும். திருப்பச் சொன்னா யோசிச்சுத் திரும்பும். ஆனா ஒரு தடவை ஒரு திசையில விட்டுட்டா, தடத்துல விழுந்த மாட்டுவண்டி மாதிரி அதுபாட்டுக்குப் போகும். குழியில விழுந்தாலும், கல்லுல ஏறினாலும் ஹேண்டில்பார் கையை விட்டுப் பிடுங்கிக்காது. சீட்டை உசத்திக்கிட்டு உக்காந்து, காலை நல்லா நீட்டி மிதிக்கலாம். தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிக்கலாம். பிஎம்எக்ஸ்ல ஒரு கையை எடுத்து மூக்கைச் சொறிஞ்சா போதும், கோடு தப்பிரும்.

என்னோட கணக்குல ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான்: பிஎம்எக்ஸ் உங்களைக் கேக்கும், எம்டிபி உங்களைப் பொறுத்துக்கும். குழி வந்தா பிஎம்எக்ஸ் "நீ என்ன பண்ணப்போற?"ன்னு கேக்குது. பதில் வச்சிருந்தா தாண்டிருவீங்க, மேல பறந்தே போயிருவீங்க. பதில் இல்லன்னா விழணும். எம்டிபி நீங்க குழியைப் பாக்கவே இல்லன்னாலும் பாதி நேரம் தாண்டி விட்டுரும்.

இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு அடையாளமாவது வேணும்ல, கொஞ்சம் கணக்கு போட்டேன். 5 சென்டிமீட்டர் உயரப் படி, நேருக்கு நேராப் போய் முட்டறோம்னு வச்சுக்குங்க. சக்கரத்து மையத்துல இருந்து நேர் கீழ ஒரு கோடு, படி முனையைத் தொடற இடத்துக்கு ஒரு கோடு. இதுக்கு நடுவுல இருக்கிற கோணம் 20 இஞ்ச் சக்கரத்துக்கு சுமார் 37 டிகிரி, 26 இஞ்சுக்கு 32, 29 இஞ்சுக்கு 30. அதாவது 26 இஞ்சை ஏத்தறதை விட 20 இஞ்சை ஏத்த ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அதிகமாத் தள்ளணும். பெரிய விஷயம், ஆனா மலை அளவு பெரிய விஷயம் இல்ல. கவனிங்க, 26-ல இருந்து 29-க்குப் போறதுல கிடைக்கிறது அதை விடக் கம்மி. கடையில 29-தான் இப்ப ஃபேஷன். பன்னெண்டு வயசுப் பையனுக்கு அது ஒட்டகம்.

ஆனா மாப்ள நேருக்கு நேரா முட்டி விழலை. ரோட்டோட இணையாப் போய்க்கிட்டே விளிம்புல ஏறப் பாத்தான். அப்ப சக்கரம் விளிம்புல ஏறாது, உரசிக்கிட்டே போகும். சைக்கிள் நிமிர்ந்து நிக்கணும்னா முன் சக்கரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிக்கிட்டே இருக்கணும். விளிம்பு அதைத் தடுத்திருச்சுன்னா ஆள் காலி. இந்த இடத்துல 20, 26, 29 எல்லாருமே விழுவாங்க. எம்டிபியோட தடி டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா விளிம்பைக் கவ்விப் பிடிச்சு ஏறறதுக்கு வாய்ப்பு கூடுதல். பிஎம்எக்ஸ் டயர்ல காத்து கல்லு மாதிரி இருக்கும், வழுக்கும்.

இங்கதான் அக்கா சொன்னது பாதி சரின்னு எனக்கு உறைச்சது. அந்த ரோட்டுல அந்தச் சைக்கிள் தப்புதான். கையில ஒரு பை, முதுகுல எட்டு கிலோ புத்தக மூட்டை, பின்னாடி லாரி. இந்த நிலையில எந்நேரமும் கேள்வி கேக்கற சைக்கிள் வேணாம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. பிஎம்எக்ஸ்ல ஒரே கியர். 44 பல்லு முன்னாடி, 16 பல்லு பின்னாடின்னா, பெடல் ஒரு சுத்துக்கு சுமார் 4.3 மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேணும்னா நிமிஷத்துக்கு 77 சுத்து, முட்டி மடங்கின நிலையில. 5 கிலோமீட்டர் அப்படி மிதிச்சுட்டுப் போற பையன் முதல் பீரியட்ல தூங்கத்தான் செய்வான். 18 கியர் வச்ச சாதாரண எம்டிபியில முன்னாடி 28, பின்னாடி 28 போட்டா ஒரு சுத்துக்கு 2 மீட்டர்தான், 48-க்கு 14 போட்டா 7 மீட்டர். "அரியலூர்ல ஏது மலை, கியர் எதுக்கு?"ன்னு மச்சான் டிவியில இருந்து கண்ணை எடுக்காமக் கேட்டார். மச்சான், ஆடி மாசத்துக் காத்துல மேற்கு பாத்து சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? சமவெளிக்காரனுக்கு மலையே காத்துதான்.

சரி, அப்ப மாப்ள கேட்ட எம்டிபியையே வாங்கிக் குடுத்துரலாமேன்னா, அங்கதான் எனக்கு நிஜமான கோவம்.

கடைக்குப் போய்ப் பாத்தேன். வாசல்லயே நிக்குது அந்தச் சைக்கிள். முன்னாடி ஷாக், நடு ஃப்ரேம்ல ஒரு சிவப்பு ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் டிஸ்க், உடம்பெல்லாம் மின்னல் ஸ்டிக்கர். தூக்கிப் பாத்தேன், 17, 18 கிலோவுக்குக் குறையாது. என் மாப்ள எடையில கிட்டத்தட்ட பாதி. உக்காந்து மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் பின்னாடி ஸ்பிரிங் அமுங்கி எழும்புது. நிஜமான மலைச் சைக்கிள்ல ஸ்பிரிங்கோட கூட டேம்பர்னு ஒண்ணு இருக்கும். அமுங்கின ஸ்பிரிங் துள்ளாம, மெதுவா எழும்ப வைக்கிறது அதோட வேலை. அதுக்குத்தான் லட்சக்கணக்குல விலை. இதுல டேம்பர் கிடையாது, வெறும் ஸ்பிரிங். நாம மிதிக்கிற பலத்துல ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாம ஸ்பிரிங்கை அமுக்கறதுக்கே போயிரும். குழியில இறங்கினா அமுங்கும், ஏறினதும் திருப்பி உதைக்கும். அதாவது பிஎம்எக்ஸோட துள்ளலும் இல்ல, எம்டிபியோட பொறுமையும் இல்ல, ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத பாரம் மட்டும் இருக்கு. எங்க ஆபீஸ்ல சில பேர் கஸ்டமர் என்ன கேட்டான்னு பாக்காம பட்டனா அடுக்கிக்கிட்டே போவாங்க, அந்த ஞாபகம்தான் வந்துச்சு.

இது கடைக்காரர் தப்பு இல்ல. அவரே சொன்னார்: "தம்பி, சாதா ஃபோர்க் வச்சத உள்ள வச்சிருக்கேன், பசங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாங்க. இந்த ஸ்பிரிங் இருக்கே, ஆறு மாசத்துல புஷ் தேஞ்சு லொட லொடன்னு ஆட ஆரம்பிச்சிரும். என்கிட்டயேதான் திரும்ப வருவாங்க." பசங்களுக்கு வேண்டியது சைக்கிள் இல்ல, பைக் மாதிரி தெரியற ஒண்ணு. எனக்கும் அந்த வயசுல அதுதான் வேணும்னு இருந்துச்சு, ஒத்துக்கிறேன்.

அப்ப என் தீர்ப்பு. உள்ளே தூசி படிஞ்சு கிடந்ததே, 26 இஞ்ச், ஸ்பிரிங் இல்லாத ஸ்டீல் ஃபோர்க், சின்ன ஃப்ரேம், பின்னாடி மட்டும் 7 கியர், சாதாரண பிரேக் கட்டை, அதுதான். நின்னா ரெண்டு காலும் தரையில படணும், அது முக்கியம். ஹாரன் கேட்டதும் கால் ஊன முடியாத சைக்கிள் எத்தனை கியர் வச்சிருந்தும் புண்ணியமில்ல. காத்தை வழக்கமா அடிக்கிற மாதிரி கல்லாட்டம் அடிக்காம கொஞ்சம் குறைச்சு அடிக்கச் சொன்னேன். (ரொம்பக் குறைச்சாலும் குழியில டியூப் ரிம்முல நசுங்கும். கட்டை விரலால அழுத்தினா லேசாக் குழியணும், போதும். சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் பிஎம்எக்ஸ், எம்டிபி எல்லாம் ஒண்ணுதான், அது சமத்துவவாதி.)

ஆனா பிஎம்எக்ஸை விக்கக் கூடாது. இதுல மட்டும் நான் அக்காவோட சண்டையே போட்டேன். "அதான் பெருசு வாங்கியாச்சே, பழசைப் போட்டுட்டு வா"ன்னுச்சு. முடியாதுன்னேன். ஏன்னா அன்னிக்குக் காரையில நான் பாத்தது அது. என்கூடப் பெரிய சைக்கிள் ஓட்டற ஆபீஸ் நண்பர்கள் பல பேருக்கு, நாப்பதாயிரம் ரூபா சைக்கிள் வச்சுக்கிட்டு, ஒரு செங்கல் குறுக்க வந்தா முன் சக்கரத்தைத் தூக்கத் தெரியாது. சைக்கிளே எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டதால அவங்க கத்துக்கவே இல்ல. மாப்ளைக்கு ரெண்டு வருஷத்துல அது கை வந்திருக்கு. எடையை எப்ப பின்னாடி கொண்டு போகணும், எப்ப முட்டியை மடக்கணும், எப்ப ஹேண்டில்பாரை இழுக்கணும்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. அதை எந்த எம்டிபியும் சொல்லிக் குடுக்காது. பிஎம்எக்ஸ் மைதானத்துக்கு, சாயங்காலத்துக்கு. எம்டிபி ரோட்டுக்கு, ஸ்கூலுக்கு. வசதி இருக்கிற மாமனுக்கு ரெண்டு சைக்கிள் வாங்கறது சுலபம்னு நீங்க கேக்கலாம். சரிதான். ஒண்ணுதான் முடியும்னா, தெருவுல ஓட்டற வயசுல 20, ரோட்டுக்கு வர்ற வயசுல அதை வித்துட்டு 26-ன்னு சொல்லுவேன். முதல் ஒண்ணைத் தாண்டிக் குதிச்சு நேரா ஸ்பிரிங் வச்சதுக்குப் போகாதீங்க.

அக்கா அப்பவும் மசியல. கடைசியில நான் ஒரு அஸ்திரத்தை எடுத்தேன். அக்கா +1 படிச்சப்போ அதுக்கு அரசாங்க சைக்கிள் கிடைச்சுது. 2005 வாக்குலதான் அந்த இலவச சைக்கிள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பசங்க எல்லாருக்கும்னு விரிஞ்சிருந்த சமயம். கேரியர்ல என்னை உக்கார வச்சுக்கிட்டு அக்கா எத்தனை நாள் மிதிச்சிருக்கு. மழையில, எதிர்க்காத்துல, செயின் கழண்டு கையெல்லாம் ஓவராயிலோட. அந்தச் சைக்கிள் இல்லன்னா அக்கா +2 முடிச்சிருக்குமான்னு எங்க அப்பாவே ஒரு தடவை சொல்லியிருக்காரு.

"நீ போனியேக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொல்லுச்சு: "நான் போன ரோட்டுல ஒரு பஸ்ஸு போகும், அப்புறம் அரை மணி நேரத்துக்கு ஒண்ணும் வராது. இவன் போற ரோட்டுல வந்து நீ அரை மணி நேரம் நில்லு."

மறுநாள் காலையில போய் நின்னேன். ஏழரை மணிக்கு. எண்ண ஆரம்பிச்சு பாதியிலயே விட்டுட்டேன். அக்கா சொன்னது நியாயம். சக்கரம், ஃபோர்க், கோணம்னு நான் பேசினதெல்லாம் அந்த நாலு விரல்கடை விளிம்புக்குத்தான் பதில், லாரிக்கு இல்ல. லாரிக்கு வேண்டியது தாருக்கும் மண்ணுக்கும் சமமா நிரவின ரெண்டு முழ ஓரம். பள்ளிக்கூடம் விடற, தொடங்கற நேரத்துல கனரக வண்டியை நிறுத்தி வைக்கிறது நம்ம நாட்டுல பல ஊர்ல நடக்கிற ஏற்பாடுதான், செவ்வாய் கிரகத்துல இல்ல. ரோட்டைப் போடறவங்க ஓரத்துல ரெண்டு லோடு கிராவல் கொட்டி நிரவினாலே மாப்ளையோட முழங்கை தப்பிச்சிருக்கும். சைக்கிள் வாங்கற செலவை விட அது ஊருக்குச் சல்லிசு.

அது வரைக்கும் நாம செய்ய முடிஞ்சது, மாப்ளைக்கு இறங்கி ஏறக் கத்துக் குடுத்தேன். கல்லங்குறிச்சி ரோட்டுல ஒரு கிளைப்பாதை, வண்டி வராத இடமாப் பாத்து, ஒரு முழு சாயங்காலம். ஹாரன் கேட்டா பதறி இறங்காதே, முதல்ல ஓரத்தைப் பாரு. இறங்கினா முழுசா இறங்கு, பிரேக் புடி, கால் ஊணு, லாரி போகட்டும். திரும்ப ஏறும்போது ஓட்டிக்கிட்டே உரசாதே. நின்னு, திரும்பிப் பாத்து, தூக்கி வச்சு ஏறு. நிக்க முடியாத நிலைமைன்னா, வேகத்தைக் குறைச்சு, ரோட்டுக்குக் குறுக்கால நல்லாத் திரும்பி, முன் சக்கரத்தைத் தூக்கிப் போடு. கடைசியா சொன்னதை அவன் புது சைக்கிள்லயே முதல் தடவையே செஞ்சு காட்டினான். பிஎம்எக்ஸ்ல வந்த கை. அக்கா பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு.

இப்போதைய நிலவரம்: வேனுக்கு இந்த டெர்ம் ஃபீஸ் கட்டியாச்சு, அதனால அது வரைக்கும் வேன். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு மட்டும் சைக்கிள், அதுவும் மச்சான் பைக்ல பின்னாடியே போகணும்ங்கிற நிபந்தனையோட. ஜூன்ல எட்டாவது ஆரம்பிக்கும்போது மறுபடி பஞ்சாயத்து கூடும்.

நேத்து மாப்ள போன் பண்ணினான். சைக்கிள் எப்படிடா இருக்குன்னு கேட்டேன்.

"நல்லாருக்கு மாமா. ஆனா வீலிங் வர மாட்டேங்குது."